எதைச் சோதித்தீர்கள்?

“தண்ணியை டெஸ்ட் பண்ணியாச்சு. பிரச்சினை ஒண்ணும் இல்லை.”

சிப்காட் பக்கத்து ஊர்களில் புகார் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் மனப்பாடம். அடுத்தடுத்துச் சொல்லப்படுவதால் முதலாவதிலிருந்து இரண்டாவது பிறந்ததுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. முதல் வாக்கியத்தின் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. யாரோ ஒருத்தர் பாட்டிலோடு வந்திருப்பார், தண்ணீர் பிடித்திருப்பார், ஆய்வகத்தில் கொடுத்திருப்பார், தாளும் வந்திருக்கும். இரண்டாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது? எனக்கு இருக்கும் சண்டை அதோடுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் வேலையில் பாதி டெஸ்ட் எழுதுவது. எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டிவிட்டது என்றால், எழுதிவைத்த டெஸ்ட் எல்லாம் ஓடிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். எழுதாத டெஸ்ட் ஒருநாளும் ஃபெயில் ஆகாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போயாகணும் என்று மேனேஜர் தலைமாட்டில் நிற்கும்போது, ஃபெயில் ஆகும் டெஸ்ட்டைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு “ஆல் பாஸ்” என்று மெயில் அனுப்பும் டீம்கள் இந்த ஊரில் ஏராளம். அங்கே அதிகபட்சம் ஒருத்தருடைய பணம் நடுவில் சிக்கிக்கொள்ளும், திங்கட்கிழமை வந்து சரிபண்ணிக் கொள்ளலாம். குடிகாட்டில் அந்தத் திங்கட்கிழமை கிடையாது.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால், பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சிப்காட் வந்துவிட்டது தெரியும். சில நாள் அழுகிய முட்டை, சில நாள் நெயில் பாலிஷ், சில நாள் பெயர் வைக்க முடியாத ஒரு இனிப்பு. கல்லூரிக் காலத்தில் அந்த வழியாகப் போய் வந்த நாங்கள் வாசனையை வைத்தே இன்று எந்தக் கம்பெனி என்று பந்தயம் கட்டுவோம். 1980களில் தொடங்கிய பேட்டை அது. மருந்துக்கான மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயம் என்று பெரும்பாலும் ரசாயனம் சார்ந்த ஆலைகள். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் உப்பனாறு, அதற்கப்பால் கடல். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம், காரைக்காடு என்று சுற்றிலும் ஊர்கள். “அவ்ளோ கஷ்டம்னா ஏன் அங்க போய் குடியிருக்காங்க?” என்று கேட்கும் சென்னை நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஊர் முதலில் இருந்தது. பேட்டைதான் வந்து குடியேறியது.

இந்த ஊர்க்காரர்களின் மூக்கை யாரும் நம்பவில்லை. நாற்றம் என்பது உங்கள் அபிப்பிராயம், எண் இருந்தால் கொண்டு வாருங்கள் என்பதுதான் பல வருஷமாகப் பதில். 2003இல் நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயம் இந்த ஊர்களைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 2004இல் ஊர்க்காரர்களே இறங்கினார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட், உள்ளே ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சின்னக் கருவி, ஒரு வால்வு. நாற்றம் வரும் நேரத்தில் நாற்றம் வரும் இடத்திலேயே காற்றைப் பிடித்து அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன. அதில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அதில் பல, ஆலைகள் உள்ளே பயன்படுத்தும் பொருட்களேதான். இதில் எனக்குப் பிடித்தது பக்கெட்டின் எளிமைகூட இல்லை, நேரம். அதிகாரி வரும் நேரத்தில் காற்று சுத்தமாகத்தான் இருக்கும். அதிகாரி வருவது காற்றுக்குத் தெரியாவிட்டாலும் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். பக்கெட்டுக்கு முன்னறிவிப்பு தேவைப்படவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். மத்திய அரசின் கீழ் இயங்கும் நீரி நிறுவனம் 2007இல் செய்த ஆய்வு, அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்த வாயுக்களால் வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்றது. 2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் 88 தொழிற்பகுதிகளை எடைபோட்டு 43ஐ ‘மிக மோசமாக மாசடைந்தவை’ என்று அறிவித்தபோது கடலூருக்கு 77.45 மதிப்பெண். பத்தாம் வகுப்பில் எடுத்திருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். இங்கே 70ஐத் தாண்டினால் ஆபத்து என்று அர்த்தம். 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள், பிறகு அந்தத் தடையையும் விலக்கிக்கொண்டார்கள். ஆனால் ஒன்று நடந்தது. 2009 நவம்பரில் வந்த தேசிய காற்றுத் தர அளவுகோலில் பென்சீன் சேர்ந்தது. கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். பட்டியலில் பெயர் ஏறினால்தான் அதை அளக்க வேண்டும் என்று கேட்கவே முடியும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். இந்தியாவில் குடிநீருக்கான தரநிலை ஐ.எஸ். 10500, கடைசி முழுப் பதிப்பு 2012. ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, பாதரசம் 0.001 என்று அதில் வரிசையாக இருக்கிறது. பூச்சிக்கொல்லிகளுக்குத் தனி அட்டவணையே இருக்கிறது. நல்ல ஆவணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2012 பதிப்பின் பட்டியலில் பென்சீனைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 0.005. நம் நாட்டில் மூச்சில் போகும் பென்சீனுக்கு எல்லை உண்டு. குடத்தில் வரும் பென்சீனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆக, ஒரு கிணற்றில் பென்சீன் இருந்தாலும் அந்தத் தண்ணீர் தரநிலையின் எல்லா வரிகளிலும் பாஸ் ஆகிவிட முடியும். பொய்யே சொல்லாமல் “பிரச்சினை ஒண்ணும் இல்லை” என்று சொல்லலாம். இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

தரநிலையில் இருப்பதையாவது முழுக்கப் பார்க்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கையில் ஒரு பெட்டி கொடுக்கிறார்கள். காரகாடித்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, இரும்பு, நைட்ரேட், மிச்சமிருக்கும் குளோரின் இப்படியான சமாச்சாரங்களை நிறம் மாறுவதை வைத்துச் சொல்லும் பெட்டி. தர்மபுரிக்கு அது வரப்பிரசாதம், அங்கே ஃபுளோரைடுதான் எமன். தொழிற்சாலை எதுவும் இல்லாத கிராமத்துக்கும் போதும். அதே பெட்டியை ரசாயனப் பேட்டையின் மதில் சுவரை ஒட்டிய ஊருக்கும் கொடுப்பது, மாரடைப்பு என்று வந்தவனுக்கு உயரம் எடை பார்த்து “எல்லாம் நார்மல்” என்று அனுப்புகிற மாதிரி.

என் அனுபவம் ஒன்று. உறவுக்காரர் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டார்: “என்னென்ன பாராமீட்டர் சார் வேணும்?”

“குடிக்கலாமா கூடாதான்னு தெரியணும்.”

“அப்படி ரிப்போர்ட் கிடையாது சார். நீங்க பாராமீட்டர் சொன்னா நாங்க வேல்யூ சொல்வோம். பேசிக் பேக்கேஜ் இருக்கு, அது போடவா?”

அந்தப் பெண் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த விஷயத்தில் என்னிடம் நேர்மையாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். ஆய்வகம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், கேட்காததற்கு வாயே திறக்காது. நான் கரிமக் கரைப்பான்கள், கன உலோகங்கள் என்று அடுக்க அடுக்க, விலை ஏறிக்கொண்டே போய் என் ஒரு மாத வீட்டு வாடகையைத் தொட்டது. உலோகத்துக்கு ஒரு கருவி, ஆவியாகும் ரசாயனங்களுக்கு வேறொரு கருவி. மாதிரி எடுப்பதும் வேறு வேறு. ஆவியாகும் ரசாயனத்துக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். குமிழி இருந்தால் ரசாயனம் தண்ணீரை விட்டு அந்தக் காற்றுக்குள் போய்விடும். மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, பைக் பெட்டியில் போட்டு, மே மாத வெயிலில் ஊர் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் கிணறும் புனித கங்கைதான். கங்கை என்று சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம் அந்த மூன்று எழுத்து. ஆய்வறிக்கையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘பி.டி.எல்.’ என்று இருக்கும். கண்டறியும் எல்லைக்குக் கீழே. பார்த்தவுடன் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லை எவ்வளவு என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஈயம் 0.01க்கு மேல் இருக்கக் கூடாது என்பது தரநிலை. ஆய்வகத்தின் கருவியோ 0.05க்குக் கீழே இருப்பதைப் பார்க்கவே முடியாத கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அனுமதித்ததைவிட நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் தாளில் பி.டி.எல். என்றுதான் வரும். கையெழுத்தும் முத்திரையும் சரியாகவே இருக்கும். லாரியை எடைபோடும் மேடையில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதற்காகத் தங்கமே இல்லை என்று எந்த அடகுக்கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

நடுத்தர வர்க்கம் இதற்கெல்லாம் ஆர்.ஓ. மெஷின் என்று ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. விற்க வருபவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு டி.டி.எஸ். 900 என்று காட்டுவார், நாம் அலறுவோம். அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை. உப்பு இருந்தால் கடத்தும். பென்சீனோ டொலுயீனோ கலந்திருந்தால் அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது, 50 என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். சிறிய கரிம மூலக்கூறுகளில் சில ஆர்.ஓ. சவ்வைத் தாண்டிப் போகக்கூடியவை. பிடித்தால் கூட இருக்கும் கரி ஃபில்டர் பிடிக்க வேண்டும், அதையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டி “பாத்தீங்களா மேடம்” என்று பயமுறுத்தும் வித்தை வேறு. அது அந்தக் கம்பியின் இரும்பு கரைந்து வருவது. பாமரர்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். என் அபார்ட்மென்ட்டில் இதற்கு விழுந்தவர்களில் இரண்டு பேர் கெமிக்கல் இன்ஜினியர்கள்.

இது நம்மூர்த் தில்லுமுல்லு மட்டும் என்று ஆறுதல்பட வழியில்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். ஈயக் குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவில்லை. மக்கள் கலங்கிய தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் நின்றபோது டெஸ்ட்டில் பிரச்சினை இல்லை என்றுதான் பதில். 2015இல் எடுத்தது 71 மாதிரி. அதில் இரண்டைக் காரணம் சொல்லிக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். அந்த இரண்டையும் சேர்த்திருந்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டிய 15 என்ற எல்லை தாண்டியிருக்கும்; நீக்கியதும் 11 ஆகிவிட்டது. மாதிரி பிடிப்பதற்கு முன்னால் குழாயை நன்றாகத் திறந்து ஓடவிடச் சொன்ன விஷயமும் வெளியே வந்தது. ராத்திரி முழுக்கக் குழாயில் ஊறிய ஈயம் அந்த ஓட்டத்தில் போய்விடும். அந்த ஊர்ப் பெண்களும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸும் சேர்ந்து வீடு வீடாகக் குப்பி கொடுத்து மாதிரி எடுத்த பிறகுதான் அரசு ஒத்துக்கொண்டது. அங்கே குப்பி, இங்கே பக்கெட்.

நம் மாவட்டத்திலேயே இன்னொன்று இருக்கிறது. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை பகுதிகளில் மண்ணையும் நீரையும் எடுத்து ஆய்வு செய்தார்கள். ஓர் இடத்தில் தண்ணீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 250 மடங்கு. வழக்கம்போல மறுப்பு வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அதன் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே போய் மாதிரி எடுத்தது. மேற்பரப்பு நீர் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் பாதரசம் எல்லை தாண்டியிருப்பதாக அதே வாரியம் தீர்ப்பாயத்தில் சொல்ல நேர்ந்தது. அதுவரை ‘பிரச்சினை இல்லை’ என்று இருந்த அதே தண்ணீர்தான். கேள்வி மாறியதும் பதில் மாறிவிட்டது.

“எத்தனையோ ஆயிரம் ரசாயனம் இருக்கு, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ண முடியுமா?” என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். புத்திசாலித்தனமான வாதம்போலத் தெரியும். யார் எல்லாவற்றையும் கேட்டது? ஒவ்வொரு ஆலையும் இயங்குவதற்கு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் வாரியத்திடம் இசைவு வாங்கியாக வேண்டும். என்ன தயாரிக்கிறோம், என்ன மூலப்பொருள், எவ்வளவு கழிவுநீர் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கோப்புகள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. சிப்காட் ஆலைகள் எல்லாவற்றின் மூலப்பொருள் பட்டியலையும் ஒரு விரிதாளில் கொட்டி, திரும்பத் திரும்ப வருவதை நீக்கி, நச்சுத்தன்மைக்கும் தண்ணீரில் கரையும் தன்மைக்கும் ஏற்ப வரிசைப்படுத்தினால், எதைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் தயார். என் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மதியத்தில் செய்துவிடுவான். தண்ணீரில் தேட வேண்டியதன் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே குளோரைடையும் கடினத்தன்மையையும் பார்த்துவிட்டு வருவதை எப்படித் திறமைக் குறைவு என்று சொல்வது? தேடாமல் இருப்பதற்கும் உழைப்பு வேண்டும்.

செலவாம். யார் கொடுப்பது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1996இலேயே பதில் சொல்லிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்று இருக்கிறது. தன் தொழிலால் சூழலுக்குக் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. ஈச்சங்காட்டுப் பாட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. நடப்பதோ தலைகீழ். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பு வரும். ஆலையின் கழிவுநீரில் மாதிரி எடுக்கும்போது ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், சீல் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நடைமுறை தவறினால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. நியாயமான பாதுகாப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கிணற்றுக்காரருக்கும் அதில் பாதி மரியாதை கொடுங்கள். என் கிணற்றில் எடுத்த மாதிரியில் ஒரு பாகம் எனக்கும் சீல் வைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வேலைவாய்ப்பு வாதத்தையும் தாண்டிப் போக முடியாது. “ஆலையை மூடணும்ங்கறீங்களா?” பரிசோதிக்கச் சொன்னவரிடம் மூடச் சொன்னதாகச் சண்டை போடுவது பழைய தந்திரம். அந்த ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்ப்பவர்களில் பலர் அதே ஊர்களின் தண்ணீரைப் புழங்குகிறவர்கள். 2021 மே மாதம் ஓர் ஆலையில் விபத்து நடந்து 4 பேர் செத்தார்கள். 2025 மே மாதம் இன்னொரு ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் பாய்ந்தது, மக்கள் சாலையை மறித்தார்கள். தொட்டி உடைந்தால் டி.வி. வரும், கலெக்டர் வருவார். நிலத்தடியில் மெதுவாக நகர்வதற்கு யாரும் வருவதில்லை. கரைப்பான்களில் சில தண்ணீரைவிடக் கனமானவை, அடியில் போய்த் தங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் கசியும். இன்று போர்வெல்லில் வருவது, கொட்டிய கம்பெனி கைமாறிப் பெயர் மாற்றிக்கொண்ட பிறகு வந்து சேர்வதாக இருக்கலாம். அதனால்தான் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது அபத்தம். மழைக்கு முன், மழைக்குப் பின், கோடையில் மட்டம் இறங்கும்போது என்று அதே கிணறுகளில் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், எல்லா எண்களையும் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். பஞ்சாயத்துச் சுவரில் எழுதினாலும் சரி.

பீதி கிளம்பிவிடும் என்று ஒரு அதிகாரி பேட்டியில் சொன்னால் நம் ஆட்களே தலையாட்டுகிறார்கள். பீதி ஏற்கனவே இருக்கிறது சார். வீட்டு போரில் வரும் தண்ணீரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க கேன் வாங்கும் வீட்டில் இருப்பது வேறென்ன? எண் தெரியாததால் அந்தக் கேன் தண்ணீரையும் நம்பிக்கையில்தான் குடிக்கிறார்கள்.

மார்ச் 22 அன்று உலகத் தண்ணீர் தினம் என்று கிராம சபை கூட்டுகிறார்கள். உறுதிமொழி எடுப்பார்கள், மழைநீர் சேகரிப்புப் பற்றி யாராவது பேசுவார்கள். அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று சிப்காட் பக்கத்து ஊர்களில் எனக்குத் தெரிந்த நான்கைந்து பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக நம் ஊர்த் தண்ணீரைப் பரிசோதித்த தேதி, எந்தக் கிணறு, யார் எடுத்தது, எந்தெந்த ரசாயனங்களைத் தேடினார்கள், ஒவ்வொன்றுக்கும் கருவியின் கண்டறியும் எல்லை எவ்வளவு. பக்கத்து ஆலைகளின் இசைவாணையில் உள்ள மூலப்பொருட்களில் எவை அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். “இதையெல்லாம் தீர்மானத்துல எழுத முடியுமா தம்பி?” என்று ஒரு அண்ணன் சந்தேகமாகக் கேட்டார். எழுதலாம் அண்ணே, செயலாளர் எழுத மாட்டேன் என்று சொன்னால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் என்றேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் வாட்ஸ்அப்பில் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்: ‘பக்கத்து ஆலைகளின்’ என்பதை அடித்துவிட்டு, மூடிக் கிடக்கும் ஆலைகளின் பெயர்களையும் சேர்க்க வேண்டுமாம்.